முப்பத்தெட்டரை

உலகத்து இன்குபேட்டர்கள் முப்பத்தேழில் நிற்கின்றன.
அது மனிதச் சூடு.
நாய்க்கு ஒன்றரை டிகிரி கூடுதல்.
பதினோரு வருஷம் அந்தக் கதவைத் திறந்து மூடியவள் நான்,
ஒருநாளும் உறைக்கவில்லை.

தொம்மு என்று பெயர்.
தொம்மு என்றால் எங்கள் பேச்சில் கருப்பன்.
வலது பின்னங்கால் விரலிடுக்கில் ஏதோ கறுப்பாய்.
ஏன்டெலுக்குச் சாலை போடும் வேலை.
தார் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து
வெண்ணெய் தடவித் தடவித் துடைத்தாராம்
ஒரு கோடை முழுக்க.

விரலோடு எடுத்தார்கள்.
ஐஸ் பெட்டியில், இளஞ்சிவப்புத் திரவத்தில்
தார்த்துவின் நவம்பர் இருட்டைக் கடந்து
மதியம் மூன்றரைக்கு என் மேசைக்கு வந்தது.
நறுக்கினேன். நொதியில் ஊறவிட்டேன். வடித்தேன்.
பிறக்காத கன்றின் சீரம் பத்தில் ஒரு பங்கு.
பெரும்பாலான கட்டிகள்
பிளாஸ்டிக்கைக் கண்டதும் உயிரை விட்டுவிடும்.
இது காலூன்றியது.

தொம்மு செத்தது பிப்ரவரி ஒன்பது, நுரையீரலில் பரவி.
பத்தாம் தேதி காலை
ஒரு குடுவையை இரண்டாக்கினேன்.

மை போல் கறுத்திருந்த செல்கள்
ஐந்தாம் பிரிப்பில் தேநீர் நிறம்.
பன்னிரண்டில் பழுப்புக் காகிதம்.
இருபதுக்கு மேல் நிறமே இல்லை.
தட்டின் அடியில் தட்டையாய்ப் படுத்து,
யார் வீட்டுத் தோல் என்பதை மறந்து,
இரண்டு நாளைக்கொருமுறை இரட்டித்துக்கொண்டு.
அவற்றின் மேல்தான் மருந்து சொட்டினோம்.
நூற்றுக்குத் தொண்ணூறு செத்தன.
கட்டுரை எழுதினோம், கேக் வெட்டினோம்.

வருஷா வருஷம் அதே தேதியில் ஏன்டெல் கூப்பிடுவார்.
ஒரே கேள்வி.
வளர்கிறதா?
அல்லது, வளர்கிறானா?
எங்கள் மொழியில் அவன், அவள், அது
மூன்றுக்கும் ஒரே சொல்.
எதைக் கேட்கிறார் என்று எனக்குப் பிடிபட்டதேயில்லை.
அவர் நாயைத் தின்றதுதான் அந்தக் குடுவையில் இருக்கிறது.
வளர்கிறது என்பேன்.
நல்லது என்பார்.
வைத்துவிடுவார்.

கார்ல் மாத்தித் தொல்லை பிடித்தவன்.
அகர் வார்த்துச் சின்னச் சின்னக் குழி செய்தான்,
ஊசிக்கண் அகலம்.
ஒட்டப் பிடிமானம் இல்லாத செல்கள்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.
நான்காம் நாள் உருண்டை.
சூட்டை ஏற்றியது அவனா நானா,
இப்போதும் சண்டை.
ஒன்பதாம் நாள் நுண்ணோக்கியில்
நடுவில் ஒரு கறுப்பு.

மூச்சு எட்டாமல் உள்ளே செத்த செல்களின் நிழல் என்றேன்.
சீவிப் பார்த்தோம், சாயம் ஏற்றிப் பார்த்தோம்.
நிழலில்லை.
நிறம்.
எழுபத்து மூன்று பிரிப்புக்கு அப்பால் எங்கோ
பத்திரமாய் வைத்திருந்திருக்கிறது.

அதே மருந்தை அதே அளவில் விட்டோம்.
வெளித்தோல் ஒன்று உரிந்தது,
வெங்காயச் சருகு போல.
உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.
ஆறு வருஷக் கட்டுரைகளைக்
கார்ல் மாத்தி சன்னல் திண்டில் அடுக்கி வைத்தான்.
எடுத்து எறியவும் இல்லை.

இந்த பிப்ரவரியில் மணி அடித்தபோது
கையுறை கழற்றவில்லை, ஒலிபெருக்கியில் பேசினேன்.
வளர்கிறதா என்றார்.
கறுத்துவிட்டது என்றேன்.
அந்தப் பக்கம் பஸ்ஸொன்று போகும் சத்தம்.
பிறகு,
ஆமாம், அவன் கறுப்புத்தானே, என்றார்.
மருந்து தோற்றதை நான் சொல்லவில்லை.
அடுத்த வருஷம் சொல்லலாம்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால்
யாரோ இன்குபேட்டரை
முப்பத்தேழுக்கு இறக்கியிருக்கிறார்கள்.
பொத்தானை அமுக்கினேன்,
பதினைந்து முறை.
கதவில் காகிதம் ஒட்டினேன்:
தொடாதீர்கள். உள்ளே நாய்.